காருக்கு மட்டும் மழைத்தண்ணி

கீழ்பென்னாத்தூர் பஸ். தூறல் விழுந்ததும் முன்சீட்டில் ஜன்னலோரம் இருந்தவள் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்:

"எங்க வூட்ல மழைத்தண்ணி காருக்கு மட்டும்தான்க்கா."

"ஏன்?"

"வாடகைக்கு ஓடற பழைய அம்பாசிடர். கிணத்துத் தண்ணியில உப்பு ஜாஸ்தி. அதையே ஊத்தி இஞ்சின் உள்ள துரு ஏறி, ரேடியேட்டர் அடைச்சுக்குச்சு. செங்கம் போறதுக்குள்ள கொதிச்சுடும். சுத்தம் பண்ணின மெக்கானிக்கு, இனிமே மழைத்தண்ணிதான் ஊத்தணும்னுட்டாரு. ஒரு அண்டா புடிச்சு வெச்சிருக்கோம்."

"அதுல பருப்பு வேகவெச்சுப் பாரு."

"வெச்சேன்க்கா. வெண்ணெயாட்டம் வெந்துது. மறுநாளும் கை அங்கதான் போச்சு."

"அப்புறம்?"

"வண்டி ஓடினாத்தான பருப்பே வாங்க முடியும். அண்டாவ ஷெட்டுல வெச்சுப் பூட்டிட்டேன். நானே கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சாவிய எங்க வூட்டுக்காரருகிட்ட குடுத்துட்டேன்."