இறக்கையின் மேல்பக்கம்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல். நீங்கள் மிரட்டாமல் கேட்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கிருபாநிதி, சொந்த ஊர் நாசரேத். வேம்பார் போகிற வழியில், உப்பளங்களுக்குப் பின்னால் இருக்கிற விமானக் கிளப்பில் எனக்குத் துணி போர்த்திப் பெயிண்ட் அடிக்கிற வேலை. சிரிக்காதீர்கள், இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானத்துக்கு இறக்கையே துணிதான். சட்டத்தின்மேல் துணியை இழுத்துத் தைத்து, விறைப்பாக நிற்கப் பசை பூசி, அதன்மேல் சில்வர் பெயிண்ட் அடித்து, கடைசியில்தான் கலர். கலர் அழகுக்கு. துணியை வெயிலிடமிருந்து காப்பது சில்வர். அது இல்லாவிட்டால் வெளியே பளபளவென்றுதான் இருக்கும், உள்ளே துணி இற்றுக்கொண்டே வரும்.

விழுந்த விமானத்தை ஓட்டியவன் பெனிஸ்டன், என் ஒரே மகள் ஜெபிஷாவின் புருஷன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. போன வருஷம் இறக்கைக்குப் புதுத் துணி போர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, அடுத்த வருசம் ஷார்ஜால வேல உறுதியாயிரும். ஜெபிஷாவையும் கூட்டிட்டுப் போயிருவேன்."

என் மனைவி ஜெயபாய் போன பிறகு எனக்கென்று இருந்தது மகள் ஒருத்திதான். "ஏளா, அங்கன போயி நாலு சுவத்துக்குள்ள அடஞ்சு கெடப்பியா?" என்று கேட்டேன்.

"யாருப்பா என்னைய அடைக்கா? நான் சந்தோசமாத்தான் போறேன்" என்றாள். பயத்தில்தான் அப்படிச் சொல்கிறாள் என்று பெற்றவனுக்குத் தெரியாதா? அவளை மீட்பது என் கடமையாகிவிட்டது.

இறக்கையின் அடிப்பக்கத்துக்குச் சில்வர் அடித்தேன். மேல்பக்கத்துக்கு அடிக்கவில்லை. ஷெட்டில் இடம் இல்லை என்று விமானத்தை வெளியிலேயே நிறுத்தவும் வைத்தேன். மற்றதெல்லாம் வெயில் செய்தது.

துணியின் பலத்தைக் குத்திப் பார்க்க, விமானங்களைப் பரிசோதிக்கிற மாரிராஜ் வந்தார். மேல்பக்கத்தில்தான் பார்க்க வேண்டும், அது அவருக்கும் தெரியும். "மேல குத்துனா பெயிண்ட் போயிரும்லா அண்ணாச்சி, அடியில பாத்துக்கிடுதேன்" என்றார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். என் பெயிண்ட்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஷார்ஜா கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மேல்துணி அப்பளமாக இருந்தது, அன்றைக்கு மேலே போனால் திரும்பாது என்று விரல் வைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆராதனை முடிந்து, கடைசியாக ஒரு தடவை ஓட்டிவிட்டுப் போகப் பெனிஸ்டன் வந்தான், கூடவே ஜெபிஷாவும். ஜெபிஷா ராட்டினத்தில்கூட ஏறாதவள். அந்தத் தைரியத்தில்தான் நான் இத்தனையும் செய்திருந்தேன்.

"ஊர ஒரு தடவ மேலருந்து பாத்துட்டுப் போறேம்பா. ஏறட்டுமா?" என்றாள்.

வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் அவள் ஏறிவிடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது, ஐயா. என் பாடு யாருக்கும் வரக் கூடாது. டயரில் காற்றைப் பிடுங்கி விட்டிருக்கலாமே என்கிறீர்கள். நல்ல யோசனைதான். அப்போது தோன்றவில்லை. பெல்ட் தளர்வாக இருக்கிறது என்றாள், நான்தான் இறுக்கிவிட்டேன்.

கடல் பக்கம் திரும்பும்போது இடது இறக்கையில் துணி உரிந்தது. உப்பளத்தில் விழுந்தார்கள். இரண்டு பேரையும் நான்தான் அடையாளம் காட்டினேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சாயங்காலத்துக்குள் விட்டுவிட்டால் நல்லது. கல்லறைத் தோட்டம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான், தினமும் போய் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஷார்ஜாவுக்குப் போயிருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பதே பெரிய பாடாக இருந்திருக்கும்.