நல்லாப் படிக்கறவங்களுக்கு லீவு

எழுபதுகளில் ஒரு சாயங்காலம், பாலக்காட்டிலிருந்து எலப்புள்ளி வழியாகப் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு தலைமையாசிரியை. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவரும் இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர்தான்.

"நல்லாப் படிக்கற குழந்தைகளுக்கெல்லாம் நாளைக்கு லீவு உட்டுட்டேனுங்க சார்."

"ஏனுங்க டீச்சர்? நாளைக்குத்தான ஹெட்மாஸ்டர்மாரெல்லாம் உங்க பள்ளிக்கூடம் பாக்க வாறோம்?"

"அதுக்குத்தானுங்க. படிக்க வராததுகளை நீங்க பாக்கோணும்."

"கல்வி அதிகாரி ஏ.இ.ஓ.வும் வாராருங்க. உங்க பேரு கெட்டுப்போயிருமுங்க."

"கெட்டாக் கெடட்டுங்க. நாலாங்கிளாஸ்ல பாதிக்கு எழுத்துக் கூட்டவே வரலீங்க. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். மாசாமாசம் இத்தன பேரு கூடறோம், ஆளுக்கொரு வழி சொல்ல மாட்டீங்களா?"

அவர் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார்.

"போன மாசம் உங்க பள்ளிக்கூடத்துல ஒரு குழந்தைகூடத் தப்பா வாசிக்கலீங்க. கை தட்டிட்டு, வடை தின்னுட்டு வந்தோம். என்னத்தக் கத்துக்கிட்டோமுங்க?"

எலப்புள்ளியில் பஸ் நின்றது. இறங்கப் போனவர் படியில் நின்று திரும்பினார்.

"டீச்சர், அடுத்த மாசக் கூட்டத்த மறுக்கா எங்க பள்ளிக்கூடத்துலயே வெச்சுக்கலாமுங்க. இந்தத் தடவ யாருக்கும் லீவு இல்லீங்க."