ஏதோ வயிற்றுப்பாட்டுக்கு

பெயர்: யோம் ஜே-முன். வயது: 54. சொந்த நாடு: தென்கொரியா. தொழில்: டிரை கிளீனிங் கடை. மனைவி: பாங் சுக்-ஹீ, வயது 51. மகள்: யோம் ஹா-உன், வயது 17. விலாசம்: கதவு எண் 6, 2290 பெரிமன் சாலை, குவினெட் கவுண்டி, ஜார்ஜியா மாநிலம். நாள்: 16.4.2025, காலை 10.20. பதிவு செய்பவர்: விசாரணை அதிகாரி திருமதி ஆல்ட்மன். உடன் இருப்பவர்கள்: என் வக்கீல் பியோன், கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்த பிறகு நான் சொல்வதாவது.

நான் 2014ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் மனைவியுடனும் ஆறு வயது மகளுடனும் முதலீட்டு விசாவில் இந்த நாட்டுக்கு வந்தேன். அதற்கு முன் இன்சியோனில் மின்சாதனக் கம்பெனி ஒன்றில் பிரிவுத் தலைவராக இருந்தேன். அங்கிருந்த அடுக்குமாடி வீட்டை விற்று, அந்தப் பணத்தில் இங்கே மேக்னோலியா கிளீனர்ஸ் என்ற கடையை வாங்கினேன். பெயரை மாற்றவில்லை, பலகைக்கு வேறு தனியாகச் செலவழிக்க வேண்டும் என்பதால். அதுவரை நான் என் சொந்தச் சட்டைக்குக்கூட இஸ்திரி போட்டவன் இல்லை.

இந்த விசாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும். எத்தனை வருடம் இருந்தாலும் இது நிரந்தரம் ஆகாது. மகளுக்கு இருபத்தொரு வயது ஆகிவிட்டால் அவள் இதில் சேர மாட்டாள். கடை நடக்கிறவரை நாங்கள் இருக்கலாம், அவ்வளவுதான். இதுவரை நான்கு முறை நீட்டித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி நிறையக் காகிதம் கொடுக்கிறோம், போன தடவை கொடுத்ததையும் சேர்த்து. இப்போது நடப்பது ஐந்தாவது முறை, போன ஆகஸ்டில் கொடுத்த விண்ணப்பம். சோர்ந்துவிட்டேன் என்று சொன்னால் அது விண்ணப்பத்துக்குக் கெடுதலா என்று வக்கீலைக் கேட்டேன். எழுத வேண்டாம் என்றார். இருந்தாலும் சொல்கிறேன்.

இந்த விசாவுக்கு முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. கடை வருமானம் முதலீட்டாளரின் குடும்பம் சாப்பிடுவதற்கு மட்டும் போதுமானதாக இருந்தால் விசா கிடையாது. அதற்கு மேல் வர வேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். என் கடையில் திருமதி டார்லீன் க்ரட்ச்ஃபீல்ட் ஒன்பது வருடமாக வேலை செய்கிறார். அவரைச் சேர்த்து மூன்று பேர் சம்பளம் வாங்குகிறார்கள். இரண்டு ஓட்டல்களின் சீருடைகளும் எங்களிடம்தான் வருகின்றன. இதற்கான காகிதங்கள் பெட்டியில் இருக்கின்றன.

மேலும் ஒரு நிபந்தனை, முதலீட்டாளர் கடையை நிர்வகிக்க வேண்டும், கூலிவேலை பார்க்கக் கூடாது. பெட்டியில் நான் டை கட்டி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற புகைப்படம் இருக்கிறது. கடையில் மேசை கிடையாது. அது எங்கள் தேவாலயத்து மேசை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேனில் கொண்டுவந்து படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம். மற்ற நாட்களில் நான் பின்னால் இஸ்திரி மெஷினில் நிற்கிறேன். கணக்கும், ஆள் வைப்பதும், ஓட்டல்காரர்களிடம் பேசுவதும் நான்தான், அது மெய். மேசை மட்டும் மெய்யில்லை. இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன்.

கடந்த மார்ச் 3ஆம் தேதி குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் என் மகள் அதைப் படித்துச் சொன்னாள். பிப்ரவரி மாதம் அலுவலகம் அனுப்பிய ஆய்வாளர் ஒருவர் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடைக்கு வந்ததாகவும், கவுண்டரில் இருந்த உரிமையாளரிடம் தொழில் எப்படி என்று கேட்டதாகவும், குடும்பம் சாப்பிடுகிற அளவுக்குத்தான் வருகிறது, அதற்கே இழுபறி என்று உரிமையாளரே தம் வாயால் சொன்னதாகவும், ஆகையால் நீட்டிப்பை ஏன் மறுக்கக் கூடாது என்று முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. படித்து முடித்ததும் மகள், "அப்பா, மறுத்துட்டா நான் பன்னெண்டாவது எங்க படிக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்குக் கொரிய மொழி பேச வரும், எழுத வராது.

நான் என் மனைவியைப் பார்த்து, "கவுண்டர்ல நிக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

அவள், "நான்தான்" என்றாள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? பதினோரு வருஷத்தை ஒரு வார்த்தையில கவுத்துட்டியே."

"ஹா-உன் அப்பா, யாரு கேட்டாலும் அப்படித்தானே சொல்றோம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்றேன். அந்த ஆள்கிட்டச் சொல்லலைன்னு நான் எப்படிச் சொல்ல?"

இதை அதிகாரி அவர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் ஆட்களில் கடை வைத்திருக்கிற எவரும் தொழில் நன்றாக நடக்கிறது என்று சொல்வது கிடையாது. அப்படிச் சொல்வது திமிர். சொன்னால் கண் படும், அதைவிட, அடுத்த மாதமே அதே வரிசையில் இன்னொருவன் கடை போடுவான். தேவாலயத்தில் குக் அண்ணன் என்று ஒருவர், மூன்று கடைகளுக்குச் சொந்தக்காரர். அவரைக் கேட்டால் "செத்துக்கிட்டிருக்கேன்டா தம்பி" என்பார், சொல்லிவிட்டுப் புதுக் காரில் ஏறிப் போவார். கேட்டவனும் அதை நம்புவதில்லை. "ஏதோ வயித்துப்பாட்டுக்கு ஓடுது" என்பது எங்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அரசாங்கம் வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பதும் அதே வார்த்தை என்பது பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு நான் என் மனைவியுடன் பேசுவதை நிறுத்திவிட்டேன். கடையில் பேச வேண்டியதை டார்லீன் மூலம் சொல்லி அனுப்பினேன். நாலைந்து நாள் பொறுத்த டார்லீன் ஒரு மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு, "ஜே, நான் துணி தேய்க்க வந்தவ, தூது போக வந்தவ இல்ல" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நான் சேந்த மொத மாசம் எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன், செத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னீங்க. ஆம்புலன்சுக்குப் போன் பண்ண இருந்தேன். அவங்க மட்டுமா சொல்றாங்க?" என்று கேட்டார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு மார்ச் 20ஆம் தேதி வக்கீல் பியோனைப் போய்ப் பார்த்தோம். முதலீட்டாளர் நான்தான், மனைவி உடன் வந்தவர் மட்டுமே, ஆகவே தொழில் ஒன்றும் தெரியாத மனைவி அறியாமல் சொன்ன சொல் என்று அவளே கடிதம் கொடுத்தால் தப்பிக்க வழி இருக்கிறது என்று அவர் சொன்னார். அவர் மேல் குற்றம் இல்லை. கவுண்டரில் இருந்தது மனைவி என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அவரே கடிதத்தைத் தயார் செய்து படித்துக் காட்டினார். "நான் கடையில் உதவிக்கு நிற்பவள். எனக்குத் தொழில் விவரம் தெரியாது. என் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்" என்று இருந்தது.

என் மனைவிக்கு ஏறக்குறைய அறுநூறு வாடிக்கையாளர்களின் பெயர் தெரியும். எந்தக் கறை காபி, எந்தக் கறை சோயா என்று துணியை வெளிச்சத்தில் பிடித்தே சொல்லிவிடுவாள். இரண்டாவது ஓட்டல் எங்களுக்குக் கிடைத்ததும் அவளால்தான். அவள் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "தெரியாதுன்னு மட்டும் எழுதினாப் போதுமா, மக்குன்னும் சேத்து எழுதணுமா வக்கீல் சார்?" என்று கேட்டாள். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். நான் "கையெழுத்தைப் போடு" என்றேன். பேச்சை நிறுத்திப் பதினேழு நாளுக்குப் பிறகு நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் போட்டாள். கடிதம் மார்ச் 27ஆம் தேதி இந்த அலுவலகத்தில் தாக்கல் ஆனது. அதன் பிறகு இன்று ஆஜராகச் சொல்லி எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது.

இன்று காலை அதிகாரி அவர்கள் முதலில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மனைவியின் கடிதத்தைப் படித்து, இது சரிதானா என்று கேட்டார்கள். சரி என்றேன். அதன் பிறகு ஆய்வாளரின் அறிக்கையோடு இணைத்திருந்தவற்றைக் காட்டினார்கள். அவை கடையின் வெளிப்புறப் படம் ஒன்று, நீலக் கோட்டின் படம் ஒன்று, கோட்டுக்குக் கடையில் கொடுத்த மஞ்சள் சீட்டு ஒன்று. சீட்டின் எண் 4471, தேதி பிப்ரவரி 6, நேரம் காலை 9.40.

சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் மனைவி எப்போதும் சீட்டில் வாடிக்கையாளரின் முழுப் பெயரை எழுதுவாள். எனக்கு ஆங்கிலப் பெயர்களை எழுதக் கை வராது, ஆகவே போன் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் போட்டு ஒரு வட்டம் போடுவேன். இந்தச் சீட்டில் பெயர் இல்லை. நாலு இலக்கமும் வட்டமும் இருந்தன.

அதைப் பார்த்ததும் அந்த நாள் ஞாபகம் வந்தது. அது வியாழக்கிழமை. என் மனைவி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தாள், மத்தியானம் வரை வரவில்லை. அந்த மனிதர் கோட்டைக் கொடுத்துவிட்டு, "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டார். மனுஷன் நல்லவராகத் தெரிந்தார். நான் "ஏதோ வயித்துப்பாட்டுக்கு ஓடுது சார்" என்றேன். அவர், "உங்க குடும்பத்துக்கு மட்டுமா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "அதுக்கே இழுபறிதான்" என்றேன். அவருக்குப் புரிய வேண்டுமே என்று வயிற்றை வேறு தட்டிக் காட்டினேன்.

அதிகாரி அவர்கள், கவுண்டரில் பேசியது உங்கள் மனைவிதான் என்பதை உறுதி செய்கிறீர்களா என்று கேட்டார்கள். அறிக்கையில் உரிமையாளர் என்று மட்டும் இருக்கிறது, ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. சீட்டில் இருப்பது யார் கையெழுத்து என்று இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. வக்கீல் மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினார். இரண்டாவது முறையும் தட்டினார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியை இன்னொரு தடவை சொன்னார். ஹா-உன் கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்தது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதை மறைக்கவில்லை. இல்லை என்று சொன்னேன்.

மனைவியின் கடிதத்தை நான் திரும்பப் பெறுகிறேன். அதில் உள்ளது தவறு. பேசியது நான். அவளுக்குத் தொழில் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். தவறான கடிதம் கொடுத்ததற்காக நீட்டிப்பை மறுக்கலாம் என்று அதிகாரி அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். புரிந்தது என்றேன். அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னதும் நான்தான், ஆகவே அதற்கான தண்டனை எதுவாக இருந்தாலும் என் பெயரில் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

கடை விஷயமாக, உண்மையில் தொழில் எப்படி என்று அதிகாரி அவர்கள் மறுபடி கேட்டார்கள். வழக்கமான வார்த்தைதான் முதலில் வாய்க்கு வந்தது, அடக்கிக்கொண்டேன். டார்லீன் எங்கள் சம்பளத்தில் வீட்டுக் கடனைக் கட்டி முடித்துவிட்டார். மற்ற இருவரையும் கொள்ளை நோய்க் காலத்தில்கூட நிறுத்தவில்லை. நன்றாகத்தான் நடக்கிறது என்றேன். சொல்லும்போது கூச்சமாக இருந்தது, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்று கதவைப் பார்த்தேன்.

என் மனைவி இப்போது வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து அவளைக் கூப்பிடுவார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்ல வேண்டும் என அவள் வீட்டிலிருந்தே பழகிக்கொண்டு வந்திருக்கிறாள், காரில் உதடு அசைந்ததைப் பார்த்தேன். அவளைக் கூப்பிடுவதற்கு முன் ஐந்து நிமிடம் எனக்கு வேண்டும். அன்றைக்குப் பேசியது நான்தான் என்பதை மொழிபெயர்ப்பாளர் அவளுக்குச் சொல்லக் கூடாது, நான் சொல்ல வேண்டும். வக்கீல் இதற்கு ஒப்புக்கொண்டார். அதிகாரி அவர்கள் அனுமதித்தார்கள்.

இதில் எழுதியிருப்பதைக் கொரிய மொழியில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) யோம் ஜே-முன்
16.4.2025, பகல் 12.05
என் முன்னிலையில்: ஆல்ட்மன், விசாரணை அதிகாரி