பென்சிலில் எழுதிய எண்கள்

உங்கள் கார் இடது பக்கம் இழுக்கும், மேடம். செவ்வாய்க்கிழமை என் கடை வாசலில் நிறுத்தினீர்களே, அப்போதே பார்த்தேன். இடது முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. ஒரு மணி நேர வேலைதான். நான் இனிக் கடையைத் திறக்கப் போவதில்லை, அதனால் பனி விழுவதற்கு முன் வேறு யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்லி, ஷெரீஃப் ஆபீசுக்கு வந்த என்னிடம் இந்த மஞ்சள் தாளைக் கொடுத்தீர்கள். என் பெயர் வெர்லின் ஸ்டக்கி. வயது அறுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷமாக இந்த ப்ரூனர் ஊரில் வீல் அலைன்மென்ட் செய்கிறேன். வேறு வேலை தொடுவதில்லை. எஞ்சினைத் திறக்க மாட்டேன், பெயின்ட் பற்றிக் கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். ஓஹையோவின் இந்த மூலையில் அறுபதுகளில் வந்த பெரிய எஞ்சின் கார்கள், மஸில் கார் என்பார்களே, அவை தெருவுக்கு இரண்டு வீதம் தார்ப்பாய்க்குள் நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்சக்கரம் நேர் செய்தது நான்தான்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கார் காலியாக நிற்கும்போது சக்கரம் ஒரு மாதிரி நிற்கும், ஆள் ஏறியதும் வேறு மாதிரி நிற்கும். ஆகவே ஓட்டுபவருடைய எடைக்கு மணல் மூட்டைகளை சீட்டில் வைத்துவிட்டுத்தான் அளப்பேன். பக்கத்தில் மனைவியோ நண்பரோ வழக்கமாக வருவதாக இருந்தால் அந்த சீட்டுக்கும் அவருடைய எடை. ஊரில் இதை வைத்து என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. தீவனக் கடை ஹோமர், "வெர்லின், நன்றி சொல்ற நாள் விருந்து வருது, எனக்கு ஒரு மூட்டை சேத்தே போடு" என்றான். சிரித்துக்கொண்டே நாலு பவுண்டு சேர்த்தேன். விருந்து முடிந்து அவன் எடை பார்த்தபோது நாலரை கூடியிருந்தது.

ஜனெல் என் மகள். ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா இறந்துபோனாள். பதினாறு வயதிலிருந்து கடையின் முன் மேஜை அவள் கையில் இருந்தது. போன் எடுப்பாள், வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பாள், ஒவ்வொரு காருக்கும் ஒரு அட்டை எழுதுவாள். அந்த அட்டையில் இரண்டு கோடுகள் போட்டதும் அவள்தான்: ஓட்டுபவர் எடை, பக்கத்தில் இருப்பவர் எடை. மத்தியானம் வெண்ணெயில் வறுத்த பலோனி இறைச்சி சாண்ட்விச்சை இரண்டாக வெட்டி, பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவாள். பதினோரு வருஷம் அப்படித்தான் போனது. அதற்கு மேல் ஒரு மனிதன் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

ஜனெல் கட்டிக்கொள்ள இருந்த டேரன் ஃபவுட்ஸ் நல்ல பையன். யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள். குடிக்க மாட்டான், குரல் உயர்த்த மாட்டான், என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். குறை சொல்ல ஒரு சந்து கிடைக்குமா என்று இரண்டு வருஷம் தேடினேன், கிடைக்கவில்லை. தன் மாமாவின் தானியக் கொட்டகையில் நாலு வருஷம் உட்கார்ந்து அறுபத்தொன்பதாம் வருஷக் கார் ஒன்றைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பூட்டியவன் அவன். அந்தக் கார் எந்தக் கம்பெனியுடையது என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர்கள் அந்தக் காலத்து டயருக்குச் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

அரிசோனாவில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பெரிய கொட்டகையில் அவனுக்கு வேலை கிடைத்தது. அக்டோபரில் கல்யாணம், மறுவாரம் பயணம். ஜனெல் இதை என்னிடம் சாண்ட்விச் வெட்டிக்கொண்டே சொன்னாள். "உங்களையும் கூட்டிட்டுப் போயிடுவோம்பா. அங்க பனியே கெடையாது. உங்க முட்டிக்கு நல்லது" என்றாள். நான் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது. இரண்டாயிரம் மைல் தள்ளி ஒரு வீட்டின் பின்னறையில், மருமகன் வாங்கிக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நான் வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். அவளிடம் கோபப்படவில்லை. அவள் அம்மா போனபோதும் நான் யாரிடமும் கோபப்படவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கவுன்டி மைதானத்தில் கார் கண்காட்சி. நடுவர்கள் பார்ப்பதற்காகக் காரின் எல்லாக் காகிதங்களையும் ஒரு கோப்பில் போட்டுக் கண்ணாடிக்குள் வைப்பது வழக்கம். முதல் நாள் சனிக்கிழமை காலையில் டேரன் காரைக் கொண்டுவந்தான். "சார், கம்பெனிப் புத்தகத்துல என்ன நம்பரோ அதுவே வெச்சுடுங்க. காகிதத்துல ஒரு புள்ளி மாறுனாலும் நடுவருங்க மார்க்க வெட்டிடுவாங்க" என்றான்.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. சைக்கிளின் முன்கவை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் அது நேராகப் போகிறது. காரிலும் அப்படி ஒரு சாய்வு உண்டு. அந்தக் காலத்து டயருக்கு அது தேவைப்படவில்லை, அதனால் புத்தகத்தில் சாய்வு ஏறக்குறைய ஒன்றுமில்லை. டேரன் போட்டிருந்தது வெளியே பார்க்க அந்தக் காலத்துச் சிவப்புக் கோடு போட்ட டயர், உள்ளே இன்றைய டயர். இன்றைய டயருக்குப் புத்தக எண்ணை வைத்தால் ஊருக்குள் கார் பூனை மாதிரி நடக்கும். எண்பது மைல் வேகத்துக்கு மேல் தனக்கு எங்கே போக வேண்டும் என்பதையே மறந்துவிடும். கண்காட்சிக்காரர்கள் பலருக்கு இது தெரியாது, புத்தகம் அவர்களுக்கு பைபிள். எனக்குத் தெரியும். என் புத்தகத்தில் அந்தக் காருக்கு நேரே, ஓரத்தில், பென்சிலில் மூன்று டிகிரி என்று எழுதி வைத்திருக்கிறேன். புத்தக எண்ணைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பென்சில் எண்ணை வைத்துவிட்டு, காகிதத்தில் புத்தக எண்ணை அச்சடித்துக் கொடுப்பேன். இத்தனை வருஷத்தில் இது நான் சொன்ன ஒரே பொய், அதனால் பலர் உயிரோடு இருக்கிறார்கள்.

அன்று நான் பொய் சொல்லவில்லை. அவன் கேட்டதைக் கேட்டபடியே செய்தேன்.

சாய்வைக் கூட்டிக் குறைக்க இடையில் செருகும் ஷிம் தகடுகளை ஒவ்வொன்றாக உருவினேன். நாலு முறை அளந்தேன். போல்ட் எல்லாவற்றையும் உரிய இறுக்கத்துக்கு முறுக்கினேன். ஒன்றைக்கூடத் தளர்வாக விடவில்லை, அப்படிச் செய்வது குற்றம். நான் நினைத்தது இவ்வளவுதான்: அவன் அதை வேகமாக ஓட்டுவான், கார் கையில் நிற்காது, வெளிறிப்போய்த் திரும்பி வருவான். குறை காரில் இருக்கிறது என்று நான் சொல்வேன், மாதக்கணக்கில் பிரித்து மேய்வான், அரிசோனாக்காரர்கள் வேறு ஆள் பார்ப்பார்கள். நியாயமான எண்ணம்தான். யாருக்கும் நஷ்டம் இல்லை.

எங்கே ஓட்டுவான் என்பதும் தெரியும். என் கடையிலிருந்து வெளியேறும் எந்த மஸில் காரும் நேரே கவுன்டி ரோட்டுக்குத்தான் போகும். சோளக் காட்டுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி மூன்று மைல், அதில் ஒரு ரயில் பாதை மேடு. மேட்டுக்கு முன்னால் நூறு மைலைத் தொடாதவனை இந்த ஊரில் ஆணாகச் சேர்ப்பதில்லை. உங்கள் ஷெரீஃபும் அந்தக் காலத்தில் தொட்டவர்தான். மேட்டில் ஏறி இறங்கும்போது முன்சக்கரம் ஒரு கணம் எடையை இழக்கும். அந்தக் கணத்தில் காரை நேராகப் பிடித்து வைப்பது அந்த மூன்று டிகிரி.

முதல் ஓட்டத்தில் ஓட்டுபவர் தனியாகத்தான் போக வேண்டும் என்பது என் கடை விதி. சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. டேரனும் விதியை மதிக்கிறவன். பதினோரு மணிக்குச் சாவியை வாங்கிக்கொண்டு, "நான் மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்" என்று ஜனெலிடம் சொன்னான். அவள் ஏற்கெனவே கைப்பையை மாட்டியிருந்தாள்.

"அந்த ரூல் எல்லாம் மத்தவங்களுக்கு. எங்கப்பா கை வெச்ச வண்டி இது. கண்ண மூடிட்டு ஏறலாம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏறட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

"பெல்ட்ட போட்டுக்கம்மா" என்றேன்.

அவள் போட்டுக்கொண்டாள். இடுப்பில் மட்டும் குறுக்கே வரும் பழைய பெல்ட். டேரன் அதிலும் புத்தகப்படிதான்.

அந்த எஞ்சின் சத்தம் கடை வரை கேட்கும். ஏறிக்கொண்டே போனது. நல்ல சத்தம், எட்டு சிலிண்டரும் ஒரே சீராக இருந்தன. பிறகு நின்றுவிட்டது. நான் ஷிம் தகடுகளை அளவு பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மிச்சம் பாதி இருந்தது. அடுக்கி முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினேன்.

உங்கள் ஆட்கள் மிச்சமிருந்த காரை அளந்தார்கள். சோளத்தட்டைகளுக்கு நடுவே அந்தக் கோப்பு கசங்காமல் கிடந்ததாம், அதில் என் காகிதம் புத்தகத்தோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போனதாம். அதிக வேகம், ஓட்டியவர் தவறு என்று எழுதி முடித்தீர்கள். ஜனெலின் அடக்கத்தின்போது டேரனின் அம்மா என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பையன் உங்க பொண்ணக் கொன்னுட்டான். மன்னிச்சிடுங்க" என்றார். சொந்த மகனைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது அவருக்கு. மன்னித்துவிட்டேன் என்றேன். உண்மையாகவே மன்னித்தேன், எனக்கு யார் மேலும் வஞ்சம் இல்லை.

இப்போது கடை வெறிச்சென்று இருக்கிறது. போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கும். சாண்ட்விச்சை இரண்டாக வெட்டிவிடுகிறேன், பிறகு எந்தப் பாதி என்னுடையது என்று தெரியாமல் இரண்டையும் எறிகிறேன். கல்லறை நாலு மைல்தான். மத்தியானம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். அரிசோனாவாக இருந்தால் அது முடிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை அவளுடைய கைப்பையைக் கொடுக்க வந்தீர்கள். மேஜை மேல் டேரன் காருக்கான அட்டை கிடந்தது. கேட்க வேண்டுமே என்று கேட்டீர்கள், "பக்கத்துல இருக்கறவங்க எடைன்னு ஒண்ணு எழுதியிருக்கே, இது யாரோடது?" நான் உங்கள் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் மறுபடி கேட்கவில்லை. நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கவில்லை, துக்கத்தில் இருப்பவனிடம் ஏதோ பேச வேண்டுமே என்று பேசினீர்கள். ஆனால் அந்தக் கேள்வி என் வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்தேன்.

ஓட்டுபவர் எடை நூற்றெண்பத்து நாலு பவுண்டு. அதை ஜனெல் பேனாவில் எழுதியிருந்தாள். இரண்டாவது கோட்டைக் காலியாக விட்டிருந்தாள். முதல் ஓட்டம் டேரன் தனியாகப் போவான் என்று அவளும்தான் நினைத்திருப்பாள். கல்யாண கவுனுக்குள் நுழைய வேண்டும் என்று திங்கட்கிழமை தோறும் மணல் மூட்டைத் தராசில் ஏறி நின்று, எண்ணை என் காதில் விழும்படி சத்தமாகச் சொல்வாள். அந்த வாரம் நூற்றிருபத்தாறு. காலியாக இருந்த கோட்டில் அதைப் பென்சிலில் எழுதியது நான். ஐம்பது பவுண்டில் இரண்டு மூட்டை, இருபதில் ஒன்று, மிச்சம் ஆறுக்கு ஒரு காபி டப்பா நிறைய நட்டு. நாலையும் பக்கத்து சீட்டில் வைத்து, சரியாமல் பெல்ட்டைப் போட்டுவிட்டுத்தான் சக்கரத்தை அளந்தேன்.

அவள் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது என்றுதான் இந்தத் தாளில் எழுத வந்தேன், மேடம். ஆனால் பக்கத்து சீட் காலியாகப் போகிற வண்டிக்கு நான் ஒருநாளும் அந்த சீட்டில் மூட்டை வைத்ததில்லை.