கைகட்டி நிற்காத கூட்டம்

பஜ்ஜி போடாமல் இருந்திருந்தால் அவ்வளவு கூட்டம் வந்திருக்காது, ஐயா. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவன். பார்வையாளன் சும்மா நிற்கக்கூடாது, அவனும் கலைக்குள் வரவேண்டும் என்பது என் கொள்கை. ஆரணியில் இதற்கு முன் இரண்டு நிகழ்ச்சிகள் நடத்தினேன். வந்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள், செல்ஃபி எடுத்தார்கள், கைகட்டி நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாவதுதான் சேவூர் கல்யாண மண்டபத்தில் நடந்தது. முள்ளிப்பட்டு நெசவாளி ஜெயவேல் நடுவில் நாற்காலியில் உட்கார ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். வருகிறவர்கள் ஆளுக்கு நாலு சுற்று பட்டு நூலை அவர்மேல் சுற்றவேண்டும், அவ்வளவுதான். காலில் தொடங்கினார்கள். கூச்சம் விட்டதும் கைகளையும் மார்பையும் சேர்த்துச் சுற்றினார்கள். கழுத்தில் சுற்றச் சொன்னது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். அந்த இடம் காலியாக இருந்தது.

“குணா, கழுத்தாண்ட இறுக்குதுப்பா” என்றார் ஜெயவேல்.

“இன்னாமா நடிக்கிறாரு பாரு” என்றார் ஒருவர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர் மனைவி சுபத்ராதான் ஓடிவந்தார். “நடிப்பு இல்லைங்க, மூச்சு முட்டுது. அவுத்து வுடுங்க” என்றார். இருபது பேர் பாய்ந்தார்கள். எல்லோரும் தறிக்காரர்கள். பட்டு சிக்கினால் இங்கே யாரும் அறுக்கமாட்டார்கள், நுனியைத் தேடிப் பிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய கை. ஜெயவேலின் முகம் கருத்துக்கொண்டிருந்தது, அவர்கள் நுனி தேடினார்கள். சுபத்ராவும் தேடினார்.

“இழுக்காதப்பா, பாழாயிடும். மெதுவா எடுத்துகினு வா” என்று யாரோ சொன்னார்.

இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். நானும் தறிக்காரன் மகன். கயிறாக இருந்தால் எவனாவது உடனே அறுத்து நிகழ்ச்சியை முடித்திருப்பான். அதனால்தான் பட்டு வைத்தேன்.

என் சட்டைப்பையில் கத்தரிக்கோல் இருந்தது உண்மை. இறுகினால் உடனே வெட்டிவிடுகிறேன் என்று ஜெயவேலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் என்னையேதான் பார்த்தார். ஆனால் மண்டபத்தில் அத்தனை பேரும் கலைக்குள் வந்துவிட்டிருந்தார்கள். பஜ்ஜியை ஒருவரும் தொடவில்லை. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் ஆசைப்பட்டது அதற்குத்தான், ஐயா. அன்று ஒருவர்கூடச் சும்மா நிற்கவில்லை. நான் ஓரமாகக் கைகட்டி நின்று, ஜெயவேலின் மூச்சு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.