மைனஸ் அறுபது

நெருங்கி உட்காருங்கள். மின்சாரம் இப்போதைக்கு வராது.

நான் கூறப்போவது இருளில் நடந்ததன்று. உச்சிப்பொழுது... மணி பன்னிரண்டு. ஆண்டு இரண்டாயிரத்து ஒன்று. லாரி வேலைநிறுத்தத்தால் எண்ணூர்ச் சாலை ஆளரவமின்றி நீண்டு கிடந்தது. அச்சாலையோர இரும்புக் கிடங்கின் எடைமேடை அறையில் தன்னந்தனியாக அமர்ந்திருந்தார் அலி அக்பர். என் நண்பன் மொஹ்சினுடைய மச்சான்.

எடைமேடை என்பது லாரியைச் சரக்கோடு நிறுக்கும் இரும்புத் தளம். எடையைச் சிவப்பு எண்களில் காட்ட அறைக்குள் ஒரு பெட்டி உண்டு. கம்ப்யூட்டரோடு கம்பியால் இணைத்தபின் அப்பெட்டி ஓர் அடிமை. அதன் பொத்தான்கள் செயல்படா. கம்ப்யூட்டர் கட்டளையிட்டால் கீழ்ப்படியும், அவ்வளவே. 'சைபர் ஆக்கு' என்ற கட்டளை வந்தால், அந்த நொடியில் மேடைமேல் இருப்பதை இல்லையென்றே கொள்ளும். இருப்பது சேறா, மனிதனா என்று ஆராயாது.

மேடையைப் பெருக்குபவன் சண்முகவேல். எடை அறுபது கிலோ. அவன் பெருக்கி முடிக்கும்வரை அலி அக்பருக்குப் பொறுமை இராது. அவன் மேலே நிற்கும்போதே கட்டளையை அனுப்பிவிடுவார்.

"இன்னா பாய், ஆளு குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீறேன், மிஷின்ல சைபர் காட்டுது?"

"மிஷினாண்ட நீ ஆளே இல்லடா. பெருக்கு!"

அவன் இறங்கியதும் எண் 'மைனஸ் அறுபது' என்று மாறும். இருவரும் சிரிப்பர். அவர் மறுபடியும் சைபர் ஆக்குவார். இது அன்றாட விளையாட்டு.

ஒரு மழைக்காலை... சண்முகவேல் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தான். கட்டளை போய்விட்டது. வெளியே ஹாரன் ஒலித்தது. அலி அக்பர் தலையை நிமிர்த்தவில்லை. பெட்டியை மட்டும் பார்த்தார். சைபர். எனவே மேடை காலி. பச்சை விளக்கைப் போட்டார். லாரி பின்னோக்கி ஏறியது.

துடைப்பக் குச்சிகள் முறியும் ஓசை... அப்புறம் பிரேக்கின் பெருமூச்சு.

போலீசாரிடம் அவர் சொன்னது இதுதான்: "மிஷின்ல சைபர் இருந்துச்சு சார். அவன் குடிச்சுட்டு அப்புறமா வந்து பூந்துட்டான்."

உண்மை வெளிப்பட்டால் சிறை என்பதை அவர் அறிவார். சண்முகவேல் குடிக்காதவன் என்பதையும் அறிவார். கிடங்கு முதலாளி, இழப்பீடு கேட்டு வந்த அவன் மனைவி குப்பம்மாவை வெறுங்கையோடு அனுப்பிவைத்தார். அவள் வாயிலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்:

"எம் புருசன் குடிச்சான்னியே பாய்... அத அவனாண்டயே சொல்லு."

அதிலிருந்து பதினாறாம் நாள்தான் அந்த உச்சிப்பொழுது.

லாரி இல்லை. ஆள் இல்லை. பெட்டியில் எண் அசைந்தது. இருபது... நாற்பது... அறுபது. அங்கேயே நின்றது.

அலி அக்பர் ஜன்னல் வழியே நோக்கினார். காய்ந்த இரும்புத்தளம். வெயில். வேறொன்றும் இல்லை. ஆயினும் ஓசை கேட்டது... சரக்... சரக்... நனைந்த துடைப்பத்தின் நாற்றம் அறைக்குள் புகுந்தது.

விரல் பழகிய வேலையைச் செய்தது. கட்டளை போயிற்று. பெட்டி கீழ்ப்படிந்தது. சைபர். பெருக்கும் ஓசையும் நின்றது.

அவர் மூச்சு விட்டார்.

எண் மாறியது. மைனஸ் அறுபது.

அதன் பொருள் அவருக்கு நன்றாகத் தெரியும். மேடைமேல் நின்றவன்... இறங்கிவிட்டான்.

அறைக்கு ஏற நான்கு இரும்புப் படிகள். டங்... டங்... டங்... டங்.

அலி அக்பர் பின்பக்க ஜன்னல் வழியே குதித்து ஓடினார். பேருந்து பிடித்து ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தபோது மொஹ்சின் எதிர்ப்பட்டான்.

"இன்னா மச்சான், மூஞ்சி பேஜாரா கீது?"

"தோளு ரெண்டும் கனக்குதுடா."

"ஒன்னியும் இல்ல, பயம். எளச்சுட்ட. வா, எட பாக்கலாம்."

அங்கே வண்ண விளக்குகள் சுழலும் எடைப்பொறி இருந்தது. முதலில் மொஹ்சின் ஏறினான். அறுபத்து மூன்று, என்றும் போலவே. பிறகு அலி அக்பர் ஏறினார். அவருடைய எடை ஐம்பத்தெட்டுக்கு மேல் போனதே இல்லை. காசு விழுந்தது... சீட்டு வந்தது.

நூற்றுப் பதினெட்டு.

அச்சீட்டின் மறுபுறம் பலன் ஒன்று அச்சிட்டிருக்கும் அல்லவா? மொஹ்சின் திருப்பிப் பார்த்தான்.

'உங்களை விட்டு நீங்காத துணை ஒருவர் உண்டு.'