மூன்றாம் நடுவர்

— மீசைக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு. வேற யாராவது இருக்கப் போவுது.

— பண்பாட்டுத் துறைக் கடுதாசில மீசைன்னா போட்டிருப்பாங்க? 'உலக மரபுப் பேரவை'ன்னு இருக்கு. இந்த ஊர்ல உலகத்தையே ஒரு மாடிப் போர்ஷன்ல வாடகைக்கு வெச்சிருக்கறவர் அவர் ஒருத்தர்தானே? முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. நடைப்பயிற்சி போன மண்ணு பூரா கழக ஆபீஸ்ல.

— படி. முதல்ல இருந்து படி.

— 'இரு நாட்டு எல்லைப்புற மரபு மாநாட்டை நடத்துவதற்கான அரசு நிதி உதவி, இவ்வாண்டு உலக மரபுப் பேரவைக்கு வழங்கப்படுகிறது. தங்கள் மரபுக் கழகத்தின் விண்ணப்பம் தேர்வு பெறவில்லை என்பதை வருத்தத்துடன்...'

— வருத்தம்! அவனுங்களுக்கு என்னடி வருத்தம்? பதினொரு வருஷம் என் நிழல்ல நின்னவன் அவன். நான் மேடையில முழங்கும்போது பின்னால நின்னு தண்ணி டம்ளரை நீட்டினவன்.

— மைக் ஒயரும் சுருட்டுவாரு. பாவம், நல்லாத்தான் சுருட்டுவாரு. அவர் போனதுக்கப்புறம் அந்த ஒயர் சிக்கெடுக்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.

— நீ அவனுக்குப் பரிஞ்சு பேசறியா?

— ஒயருக்குப் பரிஞ்சு பேசறேன்.

— கொஞ்சம் நெனச்சுப் பாரு. பெரிய அரங்கம். ரெண்டு நாட்டுக் கொடி. அந்தப் பக்கத்து மந்திரி, இந்தப் பக்கத்து மந்திரி, நடுவுல இந்தப் பய. பின்னால திரை போட்டு அவன் மூஞ்சியைப் பத்தடிக்குக் காட்டுவாங்க. பத்தடி மீசை!

— பாக்கறவங்க எல்லைக்கோடுன்னு நெனச்சு ரெண்டு பக்கமும் தள்ளி உக்காரப் போறாங்க.

— சிரி. நல்லா சிரி. வயிறு எரியறவனுக்குத்தான் தெரியும். எனக்கு வர வேண்டிய நாற்காலி அது. முப்பது வருஷமா இந்த நாட்டுல பண்பாடு பண்பாடுன்னு தொண்டை கிழியக் கத்தினவன் நான்.

— கத்தினது வாஸ்தவம். எதிர்வீட்டு டாக்டரே சாட்சி. ஆனா எனக்கு உங்க நாற்காலியைப் பத்திக் கவலை இல்லீங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கற எங்க அக்கா வர முடியாதே, அதான்.

— உங்க அக்காவுக்கு என்ன? இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம்.

— பத்தொன்பது வருஷமா அடுத்த வருஷம்தான். மாநாட்டு விருந்தாளின்னு அரசாங்கமே அழைப்பு அனுப்பினாத்தான் எல்லை ஆபீஸ்ல முத்திரை குத்துவான். மத்தபடி மனு போட்டா, 'காரணம்: தங்கையைப் பார்க்க'ன்னு எழுதினா, மேலயும் கீழயும் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடறான். தங்கச்சியைப் பாக்கறது ஒரு காரணமாங்கறான்.

— போன்லதான் தெனம் பாக்கறீங்களே. ரெண்டு பேரும் பேசற பேச்சுல என் பேச்சுக்கு ஒத்திகை பாக்க முடியல.

— மூஞ்சி தெரியுது. போன வாரம் தலை வாரிக்கிட்டே பேசினா. சீப்பு நெறைய முடி. 'கொட்டுதுடி'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமா மறைச்சுக்கிட்டா. டாக்டர்கிட்ட போனியான்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டா. இங்க இருந்து கையை நீட்டி அவ நெத்தியைத் தொட்டுப் பாக்க முடியுமா?

— அப்போ உனக்கு மாநாடுங்கறதே உங்க அக்கா வர்றதுக்குத்தான். மரபாவது மண்ணாவது.

— உங்களுக்கு அது மந்திரி பக்கத்து நாற்காலி. என்னோட கணக்குலயாவது ஒரு ஆள் எல்லை தாண்டும். அவ ஒண்ணும் ஓசிக்கு வரல. நில அளவை ஆபீஸ்ல முப்பத்தி ஒரு வருஷம் படம் வரைஞ்சவ. நாட்டைப் பிரிச்சு எல்லைக்கோடு போடறதுக்கு முந்தின வரைபடத்தைக் கிழிச்சப்போ அந்தப் பாதி அவங்க ஆபீஸ் அலமாரிக்குப் போச்சு, இந்தப் பாதி நம்ம ஆவணக் காப்பகத்துல கெடக்கு. ரெண்டையும் சேத்து வெச்சா ஒரே தெருவுல பாதி வீடு அங்க, பாதி வீடு இங்க. அதைவிட என்ன மரபு வேணும் உங்களுக்கு?

— சரி, சரி. விடு. மடிச்சு வை. குடிக்கத் தண்ணி கொண்டா.

— இருங்க, ரெண்டாம் பக்கம் இருக்கு.

— அது வழக்கமான வாலு. அதை எதுக்குப் படிச்சுக்கிட்டு?

— வழக்கமானது இல்ல. இந்த வருஷம் புதுசா மார்க் சீட்டு வெச்சிருக்காங்க. மூணு நடுவர், பேர் கிடையாது. விண்ணப்பத்துலயும் ஆள் பேரு, சங்கம் பேரு எல்லாத்தையும் கறுப்பு மை பூசி மறைச்சுட்டுத்தான் கொடுத்தாங்களாம். நமக்கு முதல் நடுவர் தொண்ணூத்தொண்ணு. ரெண்டாமவர் எண்பத்தெட்டு.

— அவ்வளவா?

— ஏன், கொறைஞ்சா இனிக்குமா?

— இல்ல... சந்தோஷம்தான். அந்த முதல் ஆளு என்ன எழுதியிருக்கான்?

— 'இருபது ஆண்டுகளில் நான் படித்த மிகத் தெளிவான விண்ணப்பம். எழுதியவரைச் சந்திக்க விரும்புகிறேன்.'

— சந்திக்க விரும்பறானாமா. சந்திச்சு என்ன பண்ணப் போறானாம்?

— போன வருஷம் நான் எழுதின ஆண்டறிக்கையைப் படிச்சுட்டுத் துறையில இருந்து ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டாரே, 'யாருங்க எழுதினது'ன்னு, அவராத்தான் இருக்கும். நீங்ககூட பொண்டாட்டின்னு சொல்லாம, 'எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கு'ன்னு சொல்லிட்டு டக்குன்னு போனை வெச்சீங்க. அம்பத்திரண்டு வயசுல என்னைப் பொண்ணுன்னு சொன்ன ஒரே ஆம்பளை நீங்கதான். கோவிச்சுக்கவும் முடியல.

— பழசை எல்லாம் கிளறாதே. தண்ணி கேட்டேன்.

— மூணாவது நடுவர் பன்னிரண்டு.

— ம்.

— நூத்துக்குங்க. நூத்துக்குப் பன்னிரண்டு. அந்த ஒரு ஆளு நம்மளைக் கீழ இழுத்துட்டான். அதே ஆளு மீசைக்குப் போட்டது தொண்ணூத்தெட்டாம், பக்கத்துக் கட்டத்துல இருக்கு. மத்த ரெண்டு பேரும் மீசைக்கு ஆளுக்கு அம்பதுதான் போட்டிருக்காங்க.

— அப்படின்னா அவன் மீசையோட ஆளு. சந்தேகமே இல்ல. சின்னம்மா மகன், பெரியம்மா மகன் எவனாவது இருப்பான்.

— அவன் எழுதினதைக் கேளுங்க. 'பண்பாட்டின் நாடித்துடிப்பை உணராத எழுத்து. மாநாட்டு விண்ணப்பமா, மளிகைக் கடைச் சீட்டா? கிழிந்த இரண்டு வரைபடங்களை ஒரே மேசையில் விரிப்போம் என்று தொடங்குவது ஒரு மாநாட்டுக்கு அழகா?'

— என்ன திமிரு பாரு.

— நாடித்துடிப்பு.

— என்ன?

— இந்த ஊர்ல பண்பாட்டுக்கு நாடி புடிச்சுப் பாக்கற ஒரே வைத்தியர் நீங்கதானே? நூலக விழாவுல புடிச்சீங்க. வங்கிக் கிளைத் திறப்பு விழாவுலகூடப் புடிச்சீங்க, மேனேஜர் முழிச்சாரு. என்னைப் பாருங்க. ஏங்க, இது நீங்களா?

— துறையில கேட்டாங்க. நிபுணர் பட்டியல்ல என் பேரு ஒன்பது வருஷமா இருக்கு. மாட்டேன்னு சொன்னா மரியாதையா இருக்காது.

— பந்தயத்துல ஓடிக்கிட்டே விசிலும் ஊதினீங்களா?

— ரகசியக் காப்புன்னு எழுதி வாங்கிட்டாங்க. உன்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு. 'விண்ணப்பதாரருடன் தங்களுக்குத் தொடர்பு உண்டா'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நானும் யோசிச்சேன். விண்ணப்பம் கழகத்தோட பேருல. நான் வெறும் நிரந்தரத் தலைவர். 'இல்லை'ன்னு போட்டேன்.

— அடப்பாவி மனுஷா. போட்டதுதான் போட்டீங்க, நம்ம புள்ளைக்கே பன்னிரண்டா?

— தெரியலடி! கறுப்பு மை பூசியிருக்கான். ஒரு கட்டுல ஏழு விண்ணப்பம். ஒண்ணை எடுத்தேன், முதல் வரியே 'தொப்புள்கொடி உறவு.' அடுத்த வரி 'பண்பாட்டுப் பாலம்.' அப்புறம் 'காலம் கடந்த கரங்கள்.' ஒவ்வொரு வரியிலயும் நான்தான் இருந்தேன். இதுதான் நம்மளுதுன்னு கண்ணை மூடிக்கிட்டுத் தொண்ணூத்தெட்டு போட்டேன்.

— ரெண்டு மார்க்கை எதுக்குப் புடிச்சு வெச்சீங்க?

— தன்னடக்கம்.

— அது மீசையோடதா?

— பதினொரு வருஷம் தண்ணி டம்ளரோட பக்கத்துல நின்னான்ல? என் வாயில இருந்து விழுந்ததை எல்லாம் அந்த டம்ளர்ல புடிச்சிருக்கான். இன்னொண்ணு இருந்துச்சு, மொட்டையா, வரைபடம், மேசை, மூணு நாள், பன்னிரண்டு பேருன்னு. இதுதான் மீசையோடதுன்னு நெனச்சு வெளுத்துட்டேன்.

— அன்னிக்கு மூணு தடவை சொன்னேன், ஒரு பக்கமாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கன்னு. போனைக் காதுல வெச்சுக்கிட்டு, 'கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டு'ன்னீங்க. நீட்டினேன். கல்யாணமான நாள்ல இருந்து நீட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்.

— திட்டு. நல்லாத் திட்டு.

— திட்டி என்ன ஆகப் போவுது? சொந்த வீட்டு ஆட்டுக்குட்டியை ஓநாய்னு நெனச்சு அடிச்சவர்கிட்ட என்ன பேசறது? சிரிப்புதான் வருது. ஊரே கேட்டாச் சிரிக்கும். நீங்க மீசைக்குக் குழி வெட்டறேன்னு நம்ம வாசல்லயே வெட்டிட்டீங்க.

— யார்கிட்டயும் சொல்லிடாதே.

— சொல்லித்தான் ஆகணும். கீழ என்ன போட்டிருக்கு பாருங்க. 'மதிப்பீட்டில் பிழை இருப்பதாகக் கருதினால் பதினைந்து நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.' அந்தப் பேனாவை எடுங்க.

— என்னன்னு எழுதுவே?

— நடந்ததை. 'மூன்றாம் நடுவராகப் பணியாற்றிய நான், பெயர்கள் மறைக்கப்பட்டிருந்ததால், அது எங்கள் கழகத்தின் விண்ணப்பம் என்பதை அறியாமல், தவறுதலாகக் குறைந்த மதிப்பெண் வழங்கிவிட்டேன். நான் நடுவராக இருந்ததே முறையல்ல. என் மதிப்பெண்களை இரு பக்கமும் நீக்கிவிட்டு மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.' அவ்வளவுதான். உங்க பன்னிரண்டும் போயிடும், மீசையோட தொண்ணூத்தெட்டும் போயிடும். தானா நம்ம பக்கம் வந்துடும்.

— என் பேரு பட்டியல்ல இருந்து போயிடும்டி. ஒன்பது வருஷப் பேரு. இனிமே ஒரு பய கூப்பிட மாட்டான். மீசை வீடு வீடாப் போய்ச் சொல்லுவான்.

— சொல்லட்டும். அக்கா வருவா.

— மேடையில ஏற முடியாது.

— கீழ முதல் வரிசையில என் பக்கத்துல உக்காருங்க. அதுவும் நாற்காலிதான்.

— ...சரி. எழுது.

— நிஜமாவா?

— எழுதுன்னா எழுது. மனசு மாறறதுக்குள்ள.

— எழுதியாச்சு. உங்களைப் போய் நான் என்னென்னமோ நெனச்சிருந்தேங்க. எனக்காக நீங்க ஒண்ணை விட்டுக்கொடுத்து இப்பத்தான் பாக்கறேன். இந்தாங்க, கண்ணைத் தொடைங்க. கண்ணாடி எல்லாம் ஈரம். தெரியாமச் செஞ்சதுக்கு எதுக்கு இவ்வளவு? என் எழுத்துன்னு தெரிஞ்சிருந்தா பேனாவையே மூடி வெச்சிருப்பீங்க, எனக்குத் தெரியாதா? அது போதும் எனக்கு. இங்க, இந்தக் கோட்டுக்கு மேல கையெழுத்துப் போடுங்க.

— போட முடியாது.

— ஏன்? இப்பத்தானே சரின்னீங்க?

— 'அறியாமல்'னு எழுதியிருக்கே.

— ஆமா. அதுக்கென்ன?

— மூணாவது வரியிலேயே தெரிஞ்சுபோச்சு, நீதான்னு. திரும்பவும் முதல்ல இருந்து ஒரு தடவை படிச்சேன், ஒரு வரியிலயும் நான் இல்ல. அதுக்கப்புறம்தான் பன்னிரண்டு போட்டேன்.